புது கம்ப்யூட்டர், பொய் சொல்ற ரேம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போட்டோவுல இருந்து ஆரம்பிக்குது. எங்க தாத்தா மார்செய் துறைமுகத்துல பெரிய கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ. தாத்தா ஒரு சொல்தா. வெளியூர்ல இருந்து கேக்குறவங்களுக்காகச் சொல்றேன், பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்களை பாண்டில அப்படித்தான் சொல்வோம். அந்த போட்டோவுல இப்போ தாத்தாவோட தொப்பியும் நெத்தியும் மட்டும் சரியா இருக்கு. கண்ணுக்குக் கீழ முழுக்க ஊதாவும் பச்சையுமா பட்டை பட்டையா ஓடுது.

அந்த போட்டோவைக் கெடுத்தது வைரஸ் இல்ல, ஹார்ட் டிஸ்க்கும் இல்ல. நானே ஆசை ஆசையா அசெம்பிள் பண்ண புது கம்ப்யூட்டரோட ரேம்.

இந்த எபிசோட்ல மூணு விஷயம் பார்ப்போம். ரேம் கெட்டுப்போனா எப்படித் தெரியும், அதை எந்த வரிசையில கண்டுபிடிக்கணும், நான் எங்க கோட்டை விட்டேன். புதுசா பிசி கட்டப் போறவங்க முழுசா கேளுங்க.

நடந்தது என்ன?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க வீடு ரெயின்போ நகர் பக்கம், கீழ் வீடு. தண்ணி உள்ள வந்துடுச்சு. பீரோவோட கீழ்த்தட்டுல இருந்த ஆல்பம் மொத்தமும் ஊறிப் போச்சு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே சித்தப்பா பையன் எல்லா போட்டோவையும் ஸ்கேன் பண்ணி ஒரு மெமரி கார்டுல போட்டு வச்சிருந்தான். மொத்தம் 412 போட்டோ.

அடுத்த சில வாரத்துல நான் புது டெஸ்க்டாப் கட்டினேன். சென்னை ரிச்சி தெருவுல பாதி பார்ட்ஸ், நம்ம ஊர்ல பாதி பார்ட்ஸ். ஏஎம்டி ரைசன் பிராசஸர், டிடிஆர்5 ரேம், 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. ஆன் ஆச்சு, விண்டோஸ் ஏறிச்சு. முதல் வேலையா கார்டுல இருந்த போட்டோவையெல்லாம் அதுல காப்பி பண்ணினேன். அங்கிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஒண்ணு, கிளவுடுக்கு ஒண்ணு. மூணு இடத்துல இருக்கேன்னு தைரியமா கார்டை ஃபார்மேட் பண்ணி தங்கச்சி கேமராவுக்குக் கொடுத்துட்டேன். அவ அதுல ஒரு கல்யாணமே எடுத்து முடிச்சுட்டா.

ஒரு மாசம் கழிச்சு அம்மா டிவில போட்டோ பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஏம்ப்பா, தாத்தா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"னு கேட்டாங்க. டிவில ஏதோ கோளாறுன்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல திறந்தேன், அங்கயும் அப்படியே இருந்துச்சு. எக்ஸ்டர்னல் டிஸ்க்லயும் அதே. கிளவுட்லயும் அதே. பேக்கப் மூணுமே ஒரே தப்போட நகல்.

இந்த ஒரு மாசத்துல அறிகுறியே இல்லையான்னு கேட்டா, நிறைய இருந்துச்சு. நான்தான் கண்டுக்கலை.

நான் கண்டுக்காம விட்ட அறிகுறிகள்

முதல் அறிகுறி, நீலத் திரை. ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்"னு வரும். ரெண்டு நாள் கழிச்சு "பேஜ் ஃபால்ட்"னு வரும். இன்னொரு நாள் வேற ஒண்ணு. ஒரே டிரைவர் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே மாதிரி எரர்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்தா, முதல் சந்தேகம் ரேம் மேல வரணும். நான் கிராஃபிக்ஸ் டிரைவரை மாத்தினேன், விண்டோஸை திரும்ப ஏத்தினேன். நாலு நாள் நல்லா ஓடும், அப்புறம் பழைய கதை.

ரெண்டாவது, பெரிய ஜிப் ஃபைலை எக்ஸ்ட்ராக்ட் பண்ணும்போது "ஃபைல் கரப்ட்"னு சொல்லும். அதே ஃபைலை திரும்ப எக்ஸ்ட்ராக்ட் பண்ணா சரியா வரும். டவுன்லோடு ஆனது உண்மையிலேயே கெட்டிருந்தா ரெண்டாவது தடவை மட்டும் எப்படி சரியாகும்?

மூணாவது, நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்காக. ஒரு பெரிய புராஜெக்டை கம்பைல் பண்ணும்போது கம்பைலரே கிராஷ் ஆகும். கோடுல ஒரு எழுத்துகூட மாத்தாம திரும்ப ஓட்டினா வேற ஃபைல்ல கிராஷ் ஆகும். லினக்ஸ் பக்கம் ரொம்ப வருஷமா சொல்ற விஷயம்தான் இது: கம்பைலர் ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல விழுந்தா கோடைப் பார்க்காத, ரேமைப் பாரு. எனக்கும் தெரியும். ஆனா புது ரேம் ஆச்சே, அது எப்படிக் கெடும்னு ஒரு நினைப்பு.

ரேம் உள்ள என்ன நடக்குது?

ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். 1960-கள்ல ஐபிஎம்ல வேலை பார்த்த ராபர்ட் டெனார்ட் கொடுத்த யோசனை இது. இன்னைக்கும் அதே அடிப்படைதான். கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருந்தா 1, இல்லன்னா 0.

பிரச்சினை என்னன்னா, அந்த கெப்பாசிட்டர் ஒரு ஓட்டைக் குடம். ஊத்தின தண்ணி ஒழுகிக்கிட்டே இருக்கும். அதனால முழுசா காலியாகுறதுக்குள்ள ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, தண்ணி இருந்த குடத்தைத் திரும்ப நிரப்பணும். இதுக்குப் பேர் ரீஃப்ரெஷ். டிடிஆர்4-ல 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, டிடிஆர்5-ல 32 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை மொத்த ரேமையும் சுத்தி வந்து நிரப்பணும். 32 ஜிபின்னா சுமார் 27,500 கோடி குடம். அதுல ஒரு குடத்துல மட்டும் ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தா? சுத்தி வர்றதுக்குள்ள அது காலி. 1 எழுதி வச்சிருப்பீங்க, திரும்பிப் படிச்சா 0-னு வரும்.

சூடு ஏற ஏற இந்த ஒழுகல் வேகமாகும். ராத்திரி ஏசி ரூம்ல நல்லா ஓடின மெஷின், அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் மாடி ரூம்ல விழுறதுக்கு இது ஒரு காரணம். நம்ம ஊர்ல பிசி வச்சிருக்கவங்க இதை மறக்காதீங்க.

பயங்கரம் எதுன்னா, சாதாரண ரேமுக்குத் தான் தப்பாச் சொல்றோம்னே தெரியாது. 1-ஐ 0-னு தைரியமா சொல்லும். அந்த பிட்டுல ஒரு புரோகிராமோட முகவரி இருந்தா கிராஷ் ஆகும், நமக்கும் தெரிஞ்சிடும். அதுல ஒரு போட்டோவோட துண்டு இருந்தா கிராஷ் ஆகாது. காப்பி பண்ணும்போது ஃபைல் ரேம் வழியாத்தான் போகுது. தப்பான பிட் அப்படியே டிஸ்க்ல எழுதப்படும். ஜேபெக் போட்டோல ஒரு பிட் மாறினா, அந்த இடத்துக்கு அப்புறம் வர்ற பகுதி மொத்தமும் நிறம் மாறிப் போகலாம். தாத்தா போட்டோவுக்கு நடந்தது அதுதான்.

ஒரு பிட் என்ன பெருசா பண்ணிடப் போகுதுன்னு நினைக்காதீங்க. 2003 மே மாசம் பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல ஸ்கார்பேக்னு ஒரு ஊர்ல எலக்ட்ரானிக் ஓட்டு எண்ணும்போது ஒரு வேட்பாளருக்கு கூடுதலா 4096 ஓட்டு விழுந்திருந்துச்சு. அவருக்கு விழவே முடியாத எண்ணிக்கையா இருந்ததால மாட்டிக்கிச்சு. 4096-னா 2-இன் 12-ஆவது அடுக்கு. சரியா ஒரே ஒரு பிட் 0-ல இருந்து 1-ஆ மாறினா வர்ற எண். சாஃப்ட்வேரை எல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டு, மெமரில ஒரு பிட் தானா மாறினதுதான் மிச்சமிருக்கிற விளக்கம்னு முடிவுக்கு வந்தாங்க.

"டிடிஆர்5-ல ஈசிசி இருக்குல்ல, அதுவே திருத்திக்காதா?"னு நிறைய பேர் கேக்குறீங்க. அது சிப்புக்குள்ள மட்டும் நடக்குற சின்ன திருத்தம். சிப்புல இருந்து பிராசஸர் வரைக்கும் வர்ற வழியில நடக்குற தப்பை அது பார்க்காது, தப்பு நடந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லவும் சொல்லாது. சர்வர்கள்ல போடுற முழு ஈசிசி ரேம் வேற. கூகுள் சர்வர்களை வச்சு 2009-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கும் மேல ஸ்டிக்குகள்ல எரர் பதிவாகியிருந்துச்சு. அங்க ஈசிசி இருந்ததால அதை எண்ண முடிஞ்சுது. நம்ம வீட்டு பிசில எண்றதுக்கு ஆளே இல்ல.

முதல்ல இதெல்லாம் பாருங்க

எல்லா ரேம் பிரச்சினையும் கெட்ட ரேம் இல்ல. காசு செலவில்லாம சரியாகுற விஷயங்களை முதல்ல முடிச்சுடுங்க.

ஒண்ணு, காத்திருங்க. டிடிஆர்5 மெஷினை முதல் தடவை ஆன் பண்ணும்போது ஸ்கிரீன் கருப்பா இருக்கும், போர்டுல டிராம்னு எழுதின லைட் எரியும். பல பேர் பயந்து ஆஃப் பண்ணிடுவாங்க. நானும் பண்ணேன். அது எரர் இல்ல. பிராசஸரும் ரேமும் ஒண்ணுக்கொண்ணு டைமிங் சரி பண்ணிக்குது. மெமரி டிரெய்னிங்னு பேர். சில நிமிஷம் ஆகும், சில போர்டுல பத்து நிமிஷத்தைக்கூடத் தாண்டும். ஆஃப் பண்ணா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

ரெண்டு, ஸ்லாட். நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல ரெண்டு ஸ்டிக்னா பெரும்பாலும் பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். போர்டோட புத்தகத்துல படமே போட்டிருக்கும். பவர் கேபிளைக் கழட்டிட்டு, கேபினெட்டோட இரும்பைத் தொட்டுட்டு, ஸ்டிக்கை எடுத்துத் திரும்ப அழுத்திப் போடுங்க. டக்னு சத்தம் வரணும். பாதி உட்கார்ந்த ஸ்டிக் நிறைய பேரை ஏமாத்தியிருக்கு.

மூணு, வேகம். பெட்டி மேல 6000-னு எழுதியிருக்கும், ஆனா வாங்கிப் போட்டதும் அது பெரும்பாலும் 4800-லதான் ஓடும். 6000 வேணும்னா பயாஸ்ல எக்ஸ்போ இல்லன்னா எக்ஸ்எம்பியை ஆன் பண்ணணும். எக்ஸ்எம்பி இன்டெல் கொண்டுவந்தது, எக்ஸ்போ 2022-ல ஏஎம்டி கொண்டுவந்தது. ரெண்டுமே கணக்குப்படி ஓவர்கிளாக்கிங்தான். வோல்டேஜ் 1.1-ல இருந்து பெரும்பாலும் 1.35 வரைக்கும் ஏறும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தர்றது ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக் போட்டா 3600. அதுக்கு மேல ஓடினா உங்க அதிர்ஷ்டம். அதனால பிரச்சினை வந்தா முதல்ல எக்ஸ்போவை ஆஃப் பண்ணிப் பாருங்க. சரியாகிடுச்சுன்னா ரேம் நல்லாருக்கு, வேகம்தான் ஒத்துக்கலை. ஒரு படி குறைச்சு வைங்க.

நாலு, பயாஸ் அப்டேட். ரேம் ஒத்துப்போகாத பிரச்சினைகள் பல அதுல சரியாகும். ஆனா பாதில கரண்ட் போனா போர்டே போயிடலாம். யூபிஎஸ் இல்லாம பண்ணாதீங்க.

மெம்டெஸ்ட்: ஒரு ராத்திரி வேலை

இதெல்லாம் முடிச்சும் சந்தேகம் இருந்தா சோதிச்சுடணும். விண்டோஸ்லயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு. அது எரர் காட்டினா நம்பலாம், காட்டலைன்னா நம்பிடக் கூடாது. மெம்டெஸ்ட்86 இல்லன்னா மெம்டெஸ்ட்86 பிளஸ், இது ரெண்டுல ஒண்ணு எடுத்துக்குங்க. பிளஸ் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். பென் டிரைவ்ல போட்டு அதுல இருந்தே பூட் பண்ணணும். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ண வேண்டி வந்தா, அதுக்கு முன்னாடி உங்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்குங்க. இல்லன்னா திரும்ப விண்டோஸ் போகும்போது வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

நாலு பாஸ் ஓடவிடுங்க. 32 ஜிபிக்கு சில மணி நேரம் ஆகும். சாப்பிட்டு முடிச்சு ஆன் பண்ணிட்டுத் தூங்குங்க, காலைல பாருங்க. பாஸ் ஆக ஒரே மார்க் பூஜ்யம்தான். 'ரெண்டு எரர்தானே'ன்னு விட முடியாது.

எனக்கு ரெண்டாவது பாஸ்ல சிவப்பு வரி வர ஆரம்பிச்சுது. எக்ஸ்போ ஆஃப்ல இருந்தும் வந்துச்சு. அப்போ வேகம் காரணமில்ல. ஸ்டிக்கா, ஸ்லாட்டா? இங்கதான் பொறுமை வேணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டு ஸ்டிக்குக்கும் பேப்பர் டேப் ஒட்டி 1, 2-னு எழுதினேன். ஸ்டிக் 1-ஐ மட்டும் ரெண்டாவது ஸ்லாட்ல போட்டேன், சுத்தமா பாஸ். அதை எடுத்துட்டு அதே ஸ்லாட்ல ஸ்டிக் 2, எரர். ஸ்டிக் 2-ஐ நாலாவது ஸ்லாட்டுக்கு மாத்தினேன், எரர், அதுவும் கிட்டத்தட்ட அதே முகவரில. ஸ்டிக் எங்க போனாலும் எரரும் கூடவே போகுது. குற்றவாளி ஸ்டிக் 2.

இதுவே ரெண்டு ஸ்டிக்கும் ஒரு ஸ்லாட்ல நல்லா ஓடி, இன்னொரு ஸ்லாட்ல ரெண்டுமே எரர் காட்டினா, தப்பு ரேம்ல இல்ல. போர்டு, இல்லன்னா பிராசஸர் சாக்கெட்ல வளைஞ்ச பின், இல்லன்னா ஒரு பக்கமா இறுக்கின கூலர். தனித்தனியா ரெண்டு ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்லயும் நல்லா ஓடி, சேர்த்துப் போட்டா மட்டும் எரர் வந்தா, பொருத்தம் சரியில்ல. வேகத்தைக் குறைங்க.

மூணு ராத்திரி போச்சு. விண்டோஸை திரும்பத் திரும்ப ஏத்தி நான் வீணாக்கின மூணு வாரத்தோட பார்த்தா அது ஒண்ணுமே இல்ல.

கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்டிக் 2-ஐ மட்டும் நீட்டினேன். அண்ணன் சிரிச்சார். "தம்பி, இது கிட்டு. ஜோடியாத்தான் அனுப்பணும், ரெண்டையும் கொண்டாங்க. பில்லும் வேணும், அந்த சிவப்பு ஸ்கிரீன் போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க." போட்டோ எடுத்து வச்சிருந்ததால பேச்சு சீக்கிரம் முடிஞ்சுது. மூணு வாரத்துல புது ஜோடி வந்துச்சு. வந்ததும் முதல் வேலை மெம்டெஸ்ட். அப்புறம்தான் விண்டோஸ், அதையும் புதுசா ஏத்தினேன். கெட்ட ரேம் வழியா ஏறின சிஸ்டத்துல எந்த ஃபைல் சரி, எது தப்புன்னு யாருக்குத் தெரியும்?

போட்டோ என்ன ஆச்சு?

412 போட்டோவையும் ஒண்ணொண்ணா உட்கார்ந்து பார்த்தோம். 7 கெட்டிருந்துச்சு. அதுல 5 போட்டோவை அத்தை ஒரு தடவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்க. சின்ன சைஸ், மங்கல், ஆனா முகம் தெரியுது. மிச்சம் ரெண்டுக்கு வழியில்ல. ஆல்பமும் போச்சு, கார்டும் போச்சு. அதுல ஒண்ணுதான் மார்செய் போட்டோ.

அம்மா என்னைத் திட்டலை. "வெள்ளத்துல போனதை நீ எங்கடா திருப்பிக் கொண்டு வருவ"ன்னு மட்டும் சொன்னாங்க. வெள்ளத்துல போனது ஆல்பம்தான். இதை வெள்ளம் கொண்டு போகலைன்னு எனக்குத் தெரியும்.

அதனால இனிமே நான் மாத்தவே மாத்தாத மூணு பழக்கம். ஒண்ணு, புது மெஷினோ புது ரேமோ, மெம்டெஸ்ட் முடியாம சொந்த ஃபைல் ஒண்ணுகூட உள்ள போகாது. ரெண்டு, முக்கியமான ஃபைலை காப்பி பண்ணா ரெண்டு பக்கமும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். விண்டோஸ்ல இருக்குற சர்ட்யூட்டில்ங்கிற கமாண்டை வச்சே இதைப் பண்ணலாம். ஒரே ஃபைலுக்கு ரெண்டு தடவை எடுத்து ரெண்டு விதமா வந்துச்சுன்னா, உடனே எல்லாத்தையும் நிறுத்திட்டு ரேமைச் சோதிங்க. மூணு, பேக்கப்பை ஒரு தடவையாவது திறந்து கண்ணால பார்க்காம, மூலத்தை அழிக்கிற பேச்சே இல்ல.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டுப் பழைய போட்டோ ஃபோல்டரைத் திறந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை பாருங்க. ஏதாவது கெட்டிருந்தா, மூலம் இன்னும் யார்கிட்டயாவது இருக்கும்போதே தெரிஞ்சுக்கிறது நல்லது. அடுத்த எபிசோட்ல பவர் சப்ளை பத்திப் பேசலாம். பார்த்து இருங்க மக்களே.